வெள்ளிக்கிழமைக் கோழி

வாழை இலையில் கோழிக்குழம்பு விழுவதற்கு ஒரு நொடி முன்னால்தான், இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பது மைக்கேல்ராஜுக்கு உறைத்தது.

"வேண்டாம்மா, வேண்டாம்" என்று இரண்டு கைகளையும் இலைக்குக் குறுக்கே நீட்டிவிட்டார்.

கரண்டியோடு நின்ற சீனியம்மாள் தன் புருஷன் சிவனாண்டியைப் பார்த்தாள். சிவனாண்டி இலையைப் பார்த்தார்.

"நாட்டுக்கோழிதான் சார். உங்களுக்குன்னு அடிச்சது."

"அதுக்கில்லைங்க. வயிறு கொஞ்சம் சரியில்ல."

"அப்ப ரசமாச்சும் ஊத்திக்கங்க. கோழி ரசந்தான், வயித்துக்கு நல்லது."

மைக்கேல்ராஜ் இலையை விட்டே எழுந்துவிட்டார்.

அவர் வயிற்றுக்கு ஒரு கேடும் இல்லை. செங்கல்லைக் கொடுத்தாலும் செரிக்கிற வயிறு அது. பத்தியம் போட்டது மனைவி பிலோமினாள். 'அவருக்கு வேலை நிரந்தரமாகிற வரைக்கும் வெள்ளிக்கிழமை இந்த வீட்டில் யாரும் கறி தொடுவதில்லை' என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டிருந்தாள். நேர்ந்தது அவள், நாக்கைக் கட்டிக்கொண்டு அலைவது இவர்.

மைக்கேல்ராஜ் மதுரையில் புனித சில்வெஸ்டர் கல்லூரியின் பிசிக்கல் டைரக்டர். தற்காலிகம். அவர் சேர்ந்த அன்று மைதானத்து ஓரத்தில் நட்ட வேப்பங்கன்றின் நிழலில் இப்போது பையன்கள் படுத்துத் தூங்குகிறார்கள். மரம் நிரந்தரமாகிவிட்டது, இவர் ஆகவில்லை.

அப்படிப்பட்டவரை அந்த எண்பத்து மூன்றாம் வருஷக் கோடை விடுமுறையில் பாதர் பிரின்சிபால் கூப்பிட்டு அனுப்பினார்.

"மைக்கேல், வாடிப்பட்டிப் பக்கம் முத்திருளன்னு ஒரு பையன் புட்பால்ல பிச்சு உதறுறானாமே. ஸ்கூல் மேட்ச்சுல அவன் அடிச்ச பந்து வலையைக் கிழிச்சுட்டுப் போச்சாம். பிளஸ் டூ பாஸாயிட்டான். மருதத்துறைக் காலேஜ்காரன் கண்ணுல படுறதுக்குள்ள இங்க கொண்டுவந்துடுங்க. வந்தா நீங்க பெர்மனென்ட். இது என் வார்த்தை."

"பாதர், அதை ஒரு வரி எழுத்துல..."

"ஆண்டவர் வானத்தையும் பூமியையும் வார்த்தையாலதான் உண்டாக்கினார் மைக்கேல். எழுதியா குடுத்தார்?"

இதற்கு மேல் பேச ஒரு தற்காலிகத்துக்கு அதிகாரம் இல்லை. உடனே பஸ் ஏறியவர்தான் இப்போது பையனின் அப்பா சிவனாண்டி வீட்டில் இலையை விட்டு எழுந்து நிற்கிறார்.

சிவனாண்டி நல்ல மனுஷர். முகம் சுளிக்காமல் கடைக்கு ஆள் விட்டு ஒரு கலர் சோடா வாங்கிவரச் சொல்லி, மூடியைத் திறந்து நீட்டினார். மைக்கேல்ராஜ் அதைக் குடித்து, ஏப்பம் விட்டு, விஷயத்தை எடுத்தார். ஹிஸ்டரியில் சீட்டு, ஹாஸ்டல் இலவசம், பூட்ஸ் இலவசம், பனியன் இலவசம்.

"பந்தை ஒதைக்கிறதுக்கா இம்புட்டும்?" என்றார் சிவனாண்டி.

"ஆமாங்க."

"செய்யட்டும் சார். உங்க காலேஜ்லயே படிக்கட்டும். அதுக்கென்ன."

அதுக்கென்ன. அந்த ஒரு வார்த்தையை மடியில் கட்டிக்கொண்டு மைக்கேல்ராஜ் மதுரை வந்து சேர்ந்தார். ஆரப்பாளையத்தில் இறங்கியதும் நேராகக் கல்லூரிக்குப் போய், "முடிஞ்சது பாதர். பையன் நம்ம பையன்" என்றார். பாதர் அன்று மாலையே பழைய மாணவர் சங்கத்துக்கு அதைச் சொல்லி, ஒன்பதாம் நம்பர் போட்ட பனியனுக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டார். வீட்டில் பிலோமினாள், ஆரப்பாளையத்துச் சந்து வீட்டைக் காலி செய்துவிட்டு கே.கே. நகரில் பார்த்துவைத்திருந்த மாடி வீட்டுக்கு மறுநாளே சாமான்களை ஏற்றிவிட்டாள்.

"இன்னும் ஆர்டர் கைக்கு வரலடி" என்றார் மைக்கேல்ராஜ்.

"நீங்கதான முடிஞ்சதுன்னு சொன்னீங்க?"

சொன்னார்தான்.

திங்கட்கிழமை காலை, கல்லூரி வாசல் டீக்கடையில் குண்டு விழுந்தது. மருதத்துறைக் கல்லூரியின் பிசிக்கல் டைரக்டர் இன்பசேகரன் முத்திருளனை முடித்துவிட்டாராம். அதுவும் அதே வெள்ளிக்கிழமை, மைக்கேல்ராஜ் பஸ் ஏறிய அரை மணி நேரத்தில் அதே வீட்டில் புல்லட்டை நிறுத்தினாராம். இன்பசேகரன் புராட்டஸ்டண்டுக்காரர். அவருக்கு வெள்ளியும் ஒன்றுதான், சனியும் ஒன்றுதான்.

மைக்கேல்ராஜ் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வாடிப்பட்டி பஸ்ஸைப் பிடித்தார்.

"என்னங்க இது? என்கிட்ட வாக்குக் குடுத்துட்டு அந்த ஆளுக்கு எப்படிக் குடுக்கலாம்?" என்று சிவனாண்டி வீட்டு வாசலிலேயே ஆரம்பித்தார்.

சிவனாண்டி சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். பதில் சீனியம்மாளிடமிருந்து வந்தது.

"யாரு உங்களுக்கு வாக்குக் குடுத்தா? நீங்கதான் கை நனைக்கலையே."

"என்னம்மா சொல்றீங்க?"

"பொண்ணு பாக்க வாரவுக, சம்மதம்னாத்தான் சோத்துல கை வப்பாக. சம்மதம் இல்லைன்னா, சாப்பிட்டுட்டோம், வகுறு சரியில்லைன்னு எந்திரிச்சுருவாக. நீங்க போட்ட எலைய விட்டு எந்திரிச்சுட்டீக. சரி, சாருக்கு நம்ம பையன் பிடிக்கல போலன்னு நெனச்சுக்கிட்டோம்."

"இது கல்யாணமா? காலேஜ் அட்மிஷன்மா."

"எதுவா இருந்தா என்னா? பிள்ளைய ஒரு எடத்துல குடுக்குறோம்ல?"

கல்யாணத்தில் கை நனைப்பது மைக்கேல்ராஜுக்கும் தெரிந்த வழக்கம்தான். ஹிஸ்டரி சீட்டுக்கும் அது உண்டு என்பது எந்த யுனிவர்சிட்டி விதியிலும் இல்லை.

"இன்பசேகரன் சாப்பிட்டாரா?" என்று ஈனசுரத்தில் கேட்டார்.

"சாப்பிட்டாராவா? உங்களுக்கு அடிச்ச கோழி முழுசும் அவருதான். முழங்கை வரைக்கும் நனைச்சுட்டாரு மகராசன்."

மைக்கேல்ராஜுக்குக் கோழியையும் நினைத்து அழுகை வந்தது, பையனையும் நினைத்து அழுகை வந்தது. ஆனாலும் மனுஷர் விளையாட்டு வாத்தியார் இல்லையா, கடைசி விசில் வரைக்கும் விடமாட்டார். அன்றைக்குத் திங்கட்கிழமை. கறிக்குத் தடை இல்லை. திண்ணையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"பசிக்குது. சோறு போடுங்கம்மா."

சீனியம்மாளும் சிவனாண்டியும் உள்ளே போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். அடுப்பில் சோறு கொதிக்கிற வாசனை வாசல் வரைக்கும் வந்தது. சோறு வரவில்லை. சிவனாண்டிதான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"வாங்க சார், சாப்பிடப் போவோம்."

"எங்க?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம் புரோட்டாக் கடை நல்லாருக்கும்."

கடைச் சாப்பாடு கணக்கில் வராது. அன்றைக்குக் குடித்த கலர் கணக்கில் வராதது போலத்தான். சிவனாண்டி பக்கத்திலேயே உட்கார்ந்து, "இன்னும் ரெண்டு வை சாருக்கு, சால்னாவ நல்லா ஊத்து" என்று குறைவில்லாமல் உபசரித்தார். மைக்கேல்ராஜ் ஆத்திரத்தில் புரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றார். இந்தத் தடவை நிஜமாகவே வயிறு சரியில்லாமல் ஊர் வந்து சேர்ந்தார்.

மறுநாள் பிரின்சிபால் அறைக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அட்டெண்டர் பேயாண்டி, "பாதர் உங்களத்தான் தேடுறாரு சார்" என்றார்.

உள்ளே போனால் பாதர் ஒன்பதாம் நம்பர் பனியனை மேஜை மேல் விரித்துவைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"மைக்கேல், வெளியில என்னென்னவோ பேசிக்கிறாங்களே. பையன் உறுதிதானே?"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். மைக்கேல்ராஜ் பனியனைப் பார்த்தார். மாடி வீட்டை நினைத்தார்.

"உறுதி இல்லாம என்ன பாதர்? வர்ற ஞாயிற்றுக்கிழமை அவங்க குடும்பமே நம்ம வீட்டுக்குச் சாப்பிட வருது" என்று வாயில் வந்ததை அடித்துவிட்டார்.

"அப்படியா? ரொம்ப நல்லது. பூசை முடிஞ்சு நானும் வந்துடுறேன்."

மைக்கேல்ராஜ் வாசல் பக்கம் நகரப் பார்த்தார்.

"பரிமாற ஆள் வேணுமே. பேயாண்டியைக் கூட்டிக்குங்க. ஹாஸ்டல் வாளி, கரண்டி எல்லாம் எடுத்துக்குங்க" என்று பாதர் தாராளமாகச் சொன்னார்.

பொய் சொன்னாலும் அதில் ஒரு யோசனை இருக்கத்தான் செய்தது. அவர்கள் வீட்டில் இவர் கை நனைக்க முடியாவிட்டால் போகிறது, இவர் வீட்டில் அவர்கள் நனைக்கட்டுமே. அப்புறம் எந்த முகத்தோடு மாட்டேன் என்பார்கள்? வாடிப்பட்டி ரைஸ்மில்லுக்குப் போன் போட்டு, சிவனாண்டியை வரவழைத்து, "புது வீடு வந்திருக்கோம். ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட வரணும்" என்றார்.

"வீடு பால் காய்ச்சுனதுக்கா? அதுக்கு வராம இருப்பமா? வாரோம் சார்" என்றார் சிவனாண்டி.

பிலோமினாள் சனிக்கிழமை ராத்திரியே மசாலா அரைத்துவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி, ஈரல் தனி, எலும்பு ரசம் தனி. கே.கே. நகர் ஜன்னல்கள் எல்லாம் அந்த வாசனைக்குத் திறந்துகொண்டன. பாதர் வெள்ளை அங்கியில் வந்து, நாற்காலியில் அமர்ந்து, வீட்டை ஆசீர்வதித்தார்.

மதியம் வாசலில் ஒரு வேன் நின்றது. சிவனாண்டி இறங்கினார். சீனியம்மாள் இறங்கினாள். முத்திருளன் வெட்கத்தோடு இறங்கினான். பெரியப்பா, சித்தப்பா, மாமன், மாமன் பிள்ளைகள் என்று வேன் கக்கிக்கொண்டே இருந்தது. கடைசியாக, கூலிங்கிளாஸைக் கழற்றிக்கொண்டே இன்பசேகரன் இறங்கினார்.

மைக்கேல்ராஜ் சிவனாண்டியை ஓரமாக இழுத்தார்.

"இவரை எதுக்குங்க கூட்டிட்டு வந்தீங்க?"

"என்னா சார் இப்படிக் கேக்குறீக? பையன அவரு கையில குடுத்தாச்சு. இனி நம்ம வீட்டு நல்லது கெட்டதுக்கு அவரு இல்லாம எப்படி? விட்டுட்டு வந்தா நாளைக்கு ஒரு வார்த்த வராது?"

"சும்மா இருக்கட்டும் மைக்கேல், நமக்குள்ள என்ன" என்று இன்பசேகரன் தோளில் தட்டிவிட்டு, பிலோமினாளைப் பார்த்து, "தங்கச்சி, வாசம் தெருமுனையிலேயே இழுத்துருச்சு" என்றார். பிலோமினாளுக்கு முகமெல்லாம் பல். மைக்கேல்ராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மொட்டை மாடியில் சாமியானா போட்டு இலை விரித்தாகிவிட்டது. இன்பசேகரன் உரிமையோடு போய் சிவனாண்டிக்குப் பக்கத்து இலையில் உட்காரப் போனார். இந்த ஆள் பக்கத்தில் இருந்தால் சிவனாண்டியிடம் ஒரு வார்த்தை பேச முடியாது. மைக்கேல்ராஜுக்கு மின்னல் மாதிரி ஒரு யோசனை தோன்றியது. வாளியோடு வந்த பேயாண்டியின் காதைக் கடித்தார்.

"அந்த ஆளை அங்கிட்டு உக்கார விடாதய்யா. அந்தக் கோடியில, பாதருக்குப் பக்கத்துல அவருக்கு எலையப் போடு. பாதர் முன்னாடி வாயத் தொறக்க மாட்டாரு."

"அங்கனயா சார்?" என்றார் பேயாண்டி.

"சொன்னதைச் செய்யி."

அப்படியே நடந்தது. இன்பசேகரன் ஒரு கோடியில் பாதரோடு, சிவனாண்டி இன்னொரு கோடியில் மைக்கேல்ராஜோடு. முதல் கவளம் சிவனாண்டியின் வாய்க்குள் போனதும் மைக்கேல்ராஜுக்கு மைதானமே கைதட்டுவது போல இருந்தது. ஈரலை அவரே அள்ளி வைத்தார். எலும்பை அவரே தேடிப் போட்டார். சிவனாண்டி நிதானமாக உண்டு, விரலை வழித்து, சொம்புத் தண்ணீரைக் குடித்து நிமிர்ந்தார்.

"சிவனாண்டி அண்ணே, எங்க வீட்டுல கை நனைச்சாச்சு. இப்ப சொல்லுங்க. பையன் எங்க காலேஜுக்குத்தான?"

சிவனாண்டி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"சாப்பாடு ஒரு கொறையும் சொல்ல முடியாது சார். தங்கச்சி கைப்பக்குவம் அப்படி. ஆனா நான் மொதல்ல வாக்குக் குடுத்தது இன்பசேகரன் சாருக்கு. ஒரு பிள்ளைக்கு ரெண்டு எடத்துல பேசி முடிப்பாகளா? அவரு எங்க நிறுத்துறாரோ அங்கதான் அவன் நிப்பான். நீங்க வேணா அவருகிட்டயே கேட்டுப் பாருங்க."

மைக்கேல்ராஜ் இடிந்துபோய் அந்தக் கோடியைப் பார்த்தார். பாதர் சுட்டுவிரலை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இன்பசேகரன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை பாதர் சிவனாண்டி பக்கம் கையைக் காட்டினார். இன்பசேகரன் இன்னும் பணிவாகத் தலையாட்டினார்.

"பாத்தியா பிலோ" என்று அடுக்களைக்குள் போய் மனைவியிடம் கிசுகிசுத்தார். "பாதர் அந்த ஆளை வாங்கு வாங்குன்னு வாங்குறாரு. அடுத்தவன் பையனத் தூக்குறியான்னு கேக்குறாரு போல."

"நல்லா கேக்கட்டும். ஆனா மூணு தடவை கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு, நல்ல மனுஷன்" என்றாள் பிலோமினாள்.

அதற்கப்புறம் நாலு நாள் சத்தமே இல்லை. மைக்கேல்ராஜ் பாதர் கண்ணில் படாமல் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். போட்ட கோட்டின் மேலேயே திரும்பப் போட்டார். பிலோமினாளிடம் எப்படிச் சொல்வது, மாடி வீட்டிலிருந்து சாமான்களை எப்படி இறக்குவது, சந்து வீட்டுக்காரன் திரும்பச் சேர்ப்பானா என்றெல்லாம் யோசித்ததில் கோடு பல இடங்களில் வளைந்திருந்தது. ராத்திரியில் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் கோழியை அன்றைக்கே தின்று தொலைத்திருக்கலாம் என்று மட்டும் திரும்பத் திரும்பத் தோன்றியது.

அடுத்த வெள்ளிக்கிழமை, அட்மிஷன் நாள். ஹிஸ்டரி வாத்தியார் மைதானத்துக்கே ஓடிவந்தார்.

"மைக்கேல், உங்க வாடிப்பட்டிப் பையன் அட்மிஷன் வரிசையில நிக்கிறான்யா."

மைக்கேல்ராஜ் சுண்ணாம்பு வாளியைப் போட்டுவிட்டு ஓடினார். நிஜம்தான். எண்ணெய் வைத்து வாரிய தலையும் வெள்ளைச் சட்டையுமாக முத்திருளன் நின்றுகொண்டிருந்தான்.

"ஏம்ப்பா, இங்கயா சேர்ற?"

"ஆமா சார். அய்யா இங்கதான் சேரச் சொல்லிட்டாரு."

மைக்கேல்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. பாதர் சுட்டுவிரலை ஆட்டிய ஆட்டில் இன்பசேகரன் பயந்து கையை எடுத்துவிட்டார் என்பது அவருக்கு உடனே விளங்கிவிட்டது. வாசல் கடையில் லட்டு டப்பா ஒன்று வாங்கினார். ஹிஸ்டரிக்குக் கொடுத்தார், கெமிஸ்ட்ரிக்குக் கொடுத்தார், பத்து வருஷமாகத் தன்னை 'டெம்பரவரி' என்றே கூப்பிடுகிற ஆபீஸ் சூப்பிரண்டுக்கும் பெரிய லட்டாகப் பார்த்துக் கொடுத்தார். இன்றைக்கு வெள்ளிக்கிழமைதான். ஆனால் நேர்த்திக்கடன் இன்றோடு தீர்ந்தது. சாயங்காலம் பிலோமினாளிடம் கோழி அடிக்கச் சொல்ல வேண்டும், கால் இரண்டும் தனக்கு என்று முடிவு செய்துகொண்டார்.

கடைசியாகப் பிரின்சிபால் அறை வாசலுக்கு வந்தார். கதவு சாத்தியிருந்தது. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. பேயாண்டி ஸ்டூலில் இருந்து எழுந்து நின்றார்.

"இந்தாய்யா, லட்டு எடு. உள்ள யாரு?"

"சிவனாண்டி வந்திருக்காரு சார்."

"வரத்தான செய்வாரு. என் வீட்டுச் சோறு சும்மா போகுமா? பாதர் என்னையக் கூப்பிட்டாரா?"

"கூப்பிடுவாரு சார். பைய உங்களக் கூப்பிடுறேன்னுதான் சொன்னாரு."

"ஆர்டர் அடிச்சு முடிச்சாங்களா?"

"அது நேத்தே அடிச்சு, பாதர் கையெழுத்தும் போட்டுட்டாரு சார்."

மைக்கேல்ராஜ் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். சுண்ணாம்புக் கையைக் கைக்குட்டையில் துடைத்தார்.

"பேயாண்டி, ஒண்ணு சொல்லவா? எனக்கு ஆர்டர் வந்ததுகூடப் பெருசு இல்லய்யா. அந்த இன்பசேகரன் மூஞ்சிய இப்ப ஒரு தடவை பாக்கணும். எப்படி இருக்கும்?"

பேயாண்டி கையில் எடுத்த லட்டை மறுபடி டப்பாவிலேயே வைத்தார்.

"உள்ளதான் சார் இருக்காரு, ஆர்டர் அவருக்குத்தான். அன்னைக்கு உங்க வீட்டுப் பந்தியிலயே பேசி முடிச்சுட்டாகளே, பாதருக்குப் பக்கத்துல அவருக்கு எலையப் போடச் சொன்னதே நீங்கதான."